மறு: துப்பாக்கிக் கட்டையில் குத்திய 134 எதைக் குறிக்கிறது?

நீங்கள் கேட்கும் 134 செய்தவர் இட்ட வரிசை எண்ணும் அல்ல, ஆண்டின் சுருக்கமும் அல்ல. பிரான்ஸ் மன்னர் பதின்மூன்றாம் லூயியின் ஆயுதத் தொகுப்புக்கான இருப்புப் பட்டியல் எண். லிசியூ நகரத்துப் பியேர் லெ பூர்ஷுவா 1620 வாக்கில் செய்து, இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியின் கட்டையில், அதாவது குழலைத் தாங்கும் மரப்பகுதியில்தான் இந்த எண் உள்ளது.

வெள்ளிக் கம்பியும் முத்துச்சிப்பியும் இழைத்த அவ்வளவு நுட்பமான மரவேலையின் மீது முரட்டுத்தனமாக ஓர் எண்ணைக் குத்தியிருப்பதுதான் உங்களைக் குழப்பியிருக்க வேண்டும். அலங்காரம் கைவினைஞருடையது, எண்ணோ பின்னாளில் கணக்கெடுத்த அரண்மனை ஊழியருடையது. (கணக்கருக்குக் கலையுணர்வு எதற்கு!)

வேறொரு துப்பாக்கியில் இத்தகைய எண்ணைக் கண்டால், 1673இல் எழுதப்பட்ட அரச ஆயுதப் பட்டியலில் அதே எண்ணுக்கு நேரே உள்ள குறிப்பைப் பாருங்கள். நீளத்தையும் அலங்காரத்தையும் கையிலுள்ள பொருளோடு ஒப்பிடுங்கள். முதலில் குழலின் நீளத்தை அளப்பது நல்லது, ஏனெனில் அலங்கார வருணனையைவிட அளவில் மழுப்ப இடம் குறைவு.

எனினும், எண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம். படைக்கல அறைகளிலும், ஆயுதத்தை வைக்கும் அடுக்கைக் குறிக்கும் எண்களைக் குத்துவது வழக்கம். பழைய குழலுக்குப் புதிய கட்டை மாற்றுவதும் உண்டு, அப்போது மூல எண் கட்டையோடு போய்விடும்.