காசு கேட்கும் இன்டர்ன்ஷிப்பில் சேரலாமா?

கேள்வி: புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டேட்டா அனலிஸ்ட் இன்டர்ன்ஷிப்புக்காக ஆன்லைனில் 60 இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் ஒரு பதில்கூட இல்லை. கட்டணம் செலுத்தினால் 4 வாரத்தில் சான்றிதழோடு இன்டர்ன்ஷிப் தருகிறோம் என்கிறது ஒரு நிறுவனம். சேரலாமா? வேண்டாமென்றால், நல்ல இடத்தை எப்படிப் பிடிப்பது?

பதில்: சேர வேண்டாம். நிறுவனத்தின் வேலையில் ஒரு பகுதியை நீங்கள் செய்து கொடுப்பதுதான் இன்டர்ன்ஷிப். அதற்கு அவர்கள் பணம் தரலாம், தராமலும் போகலாம். நீங்கள் தருவது என்ற பேச்சே கிடையாது. கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே ப்ராஜெக்ட்டைக் கொடுத்தால் அது பயிற்சி வகுப்பு. வகுப்பாக நன்றாகவே இருக்கலாம். ஆனால் "இந்த அறிக்கையை யார் பயன்படுத்தினார்கள்?" என்று நேர்முகத்தில் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-இல் வெளியிட்ட ஐரிஸ் பூக்களின் 150 வரித் தரவையோ, டைட்டானிக் பயணிகள் பட்டியலையோ எல்லோரும் பயிற்சிக்கு எடுப்பதால், அவற்றை வைத்துச் செய்த ப்ராஜெக்ட்டை இந்தத் துறையில் இருப்பவர்கள் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நேர்முகமே இல்லாமல் ஆஃபர் லெட்டர் வருவது, நிறுவனப் பெயரில் இல்லாத இலவச மின்னஞ்சலிலிருந்து கடிதம் வருவது, சேரும் முன்பே வங்கி விவரமோ அசல் சான்றிதழோ கேட்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள்.

இனி அந்த 60 விண்ணப்பங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமேதான் போயிருக்கும் என்று நினைக்கிறோம். முதலில் ஒரு சோதனை. ரெஸ்யூமே பிடிஎஃப்-இல் உள்ள எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை குழம்பியிருந்தால், விண்ணப்பங்களை முதலில் படிக்கும் மென்பொருளுக்கும் அப்படியே குழம்பலாம். இரண்டு நெடுவரிசை வடிவமைப்பு, அட்டவணைகள், ஐகான்கள், 'பைத்தான் 80%' என்று நிரல்மொழித் திறனைக் காட்டும் பட்டைகள்தான் பெரும்பாலும் காரணம். (எதில் எண்பது சதவீதம் என்று புள்ளியியல் படிப்பவரே யோசிக்க வேண்டாமா?) ஒரே நெடுவரிசையில், ஒரே பக்கத்தில் முடியுங்கள்.

அடுத்தது உள்ளடக்கம். 'டேட்டா அனாலிசிஸ் ப்ராஜெக்ட் செய்தேன்' என்ற வரி எதையும் சொல்வதில்லை. அதையே இப்படி எழுதலாம்: 'கல்லூரி நூலகத்தின் இரண்டு ஆண்டு இரவல் பதிவுகளை பைத்தானின் பாண்டாஸ் கருவியில் சுத்தம் செய்து, தேர்வு மாதங்களில் எந்தப் பாடநூல்களுக்குத் தட்டுப்பாடு வருகிறது என்று பட்டியலிட்டு நூலகரிடம் கொடுத்தேன்.' எந்தத் தரவு, எந்தக் கருவி, என்ன விடை, யாருக்குப் போனது என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இப்படி ஒரு ப்ராஜெக்ட் கையில் இல்லையென்றால், விண்ணப்பிப்பதை மூன்று வாரம் நிறுத்திவிட்டு ஒன்றைச் செய்து முடியுங்கள். இன்னும் 60 விண்ணப்பம் அனுப்புவதைவிட இது பலன் தரும்.

பிறகு 15 நிறுவனங்களைத் தேர்ந்தெடுங்கள். பெரிய நிறுவனங்கள் விடுமுறைக்கால இன்டர்ன்களைப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்து முடித்துவிடும். அவற்றின் இணையதளத்தில் கடைசித் தேதியைப் பார்த்துக் குறித்துவைத்தால் போதும். சிறிய, நடுத்தர நிறுவனங்களில் விளம்பரமே வராத இடங்கள் உண்டு. அங்கே மனிதவளப் பிரிவைவிட அந்த அணியின் தலைவருக்கு நேராக எழுதுவது நல்லது. ஐந்தாறு வரி போதும்:

'வணக்கம். புள்ளியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். உங்கள் செயலியின் பயனர் விமர்சனங்களில் 200-ஐப் படித்து வகைப்படுத்தினேன். அதிகம் வரும் புகார் பணம் திரும்பக் கிடைப்பதில் தாமதம். ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்துள்ளேன். மே 5 முதல் 10 வாரம் முழுநேரமாக வேலை செய்ய முடியும். 15 நிமிடம் பேச நேரம் கிடைக்குமா?'

தேதியையும் கால அளவையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். தேர்வு அட்டவணையோடு மோதி, கிடைத்த இடம் கைநழுவுவது உண்டு. பதில் வராவிட்டால் ஏழெட்டு வேலைநாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதோடு விட்டுவிடுங்கள்.

நேர்முகத்தில் ரெஸ்யூமேயின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தோண்டுவார்கள். விடுபட்ட மதிப்புகளை என்ன செய்தீர்கள், ஏன் சராசரியை விட்டு இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) எடுத்தீர்கள், முதலில் எது தப்பாக வந்தது என்று கேட்பார்கள். அந்தப் ப்ராஜெக்ட்டை நீங்களே செய்திருந்தால் தனியாகத் தயாராக வேண்டியது அதிகமில்லை.

அவர்கள் முடித்ததும் உங்கள் முறை. நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவெடுக்காமல் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். என் வேலையை யார், வாரத்துக்கு எத்தனை முறை பார்ப்பார்? இதற்கு முன் இருந்த இன்டர்ன் செய்தது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா? தரவைப் பார்க்கும் அனுமதி முதல் நாளே கிடைக்குமா? இந்த மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. 8 வார இன்டர்ன்ஷிப்பில் பாதி வீணாவது பெரும்பாலும் இதனால்தான். அனுமதி மூன்றாம் வாரம் வரும், வேலை புரிய ஐந்தாம் வாரம் ஆகும், அதற்குள் முடிவு அறிக்கை எழுதச் சொல்வார்கள். முதல் கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வரவில்லையென்றால், பெரிய நிறுவனமாக இருந்தாலும் யோசியுங்கள். 4 வாரத்தில் உருப்படியாக எதையும் முடிப்பது கடினம். 8 முதல் 12 வாரம் சரியான அளவு.

ஊதியம் இல்லாத இடம் என்றால், வேலை நேரம் குறைவாகவும் கற்றுத்தர ஆள் உறுதியாகவும் இருந்தால் மட்டும் ஏற்கலாம். முழுநேர ஊழியரின் வேலையை இலவசமாகச் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆஃபர் லெட்டரில் தொடக்க, முடிவுத் தேதிகள், வேலை நேரம், தொகை, மேற்பார்வையாளர் பெயர் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிறுவனத் தகவலை வெளியே சொல்லமாட்டேன் என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டால் தயங்க வேண்டாம், அது வழக்கம்தான். ஆனால் எந்த வரைபடத்தை, எந்த நிரலை ரெஸ்யூமேயிலும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலும் காட்டலாம் என்று அப்போதே கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் கணக்கை முடக்கிவிட்ட பிறகு கேட்டால், காட்ட ஒரு ஸ்க்ரீன்ஷாட்கூட மிஞ்சாது.