சோஷலிச மாதிரிகளில் மக்கள் நலனுக்கு எது அதிகம் உதவியது?

சோவியத் யூனியன், சீனா, கியூபா, யுகோஸ்லாவியா, சுவீடன் இவற்றில் எந்த மாதிரி சாதாரண மக்களின் வாழ்க்கையை உயர்த்தியது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கீழே ஒரு தப்பு நடந்தால் அதை மேலே சொல்ல முடிந்ததா, சொன்னவர் தப்பிக்க முடிந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சீனாவைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். உற்பத்தியை வேகமாக உயர்த்தத் தலைவர் மாவோ 1958இல் தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தில் விவசாயிகள் கம்யூன்களில், அதாவது நிலத்தையும் உழைப்பையும் பொதுவாக்கிய பெரிய கூட்டுப் பண்ணைகளில், சேர்க்கப்பட்டார்கள். மேலிடம் எதிர்பார்த்த விளைச்சலைக் காட்ட வேண்டுமே என்று உள்ளூர் அதிகாரிகள் கணக்கைக் கூட்டி எழுதினார்கள். அந்தப் பொய்க் கணக்கை நம்பியே அரசு தானியத்தைக் கொள்முதல் செய்தது. ஆக, கிராமத்தில் சாப்பிட மிஞ்ச வேண்டியதும் வண்டியேறிப் போய்விட்டது. 1959இல் லூஷான் என்ற இடத்தில் நடந்த கட்சி மாநாட்டின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் இதைப் பற்றி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவி பறிபோனது. அப்புறம் யார் வாய் திறப்பார்கள்? அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி என்பாரும் உண்டு, நான்கு கோடிக்கு மேல் என்பாரும் உண்டு. எந்த எண்ணை எடுத்தாலும், அவ்வளவு பேரைக் கொன்றது வறட்சி மட்டும் அல்ல.

அதே சீனாதான் வெறுங்கால் மருத்துவர்களையும் உருவாக்கியது. ஊரிலேயே விவசாயம் செய்பவரைச் சில மாதங்கள் பயிற்றுவித்துத் தடுப்பூசி போடவும், சாதாரண நோய்களுக்கு மருந்து கொடுக்கவும், சுகாதாரத்தைக் கவனிக்கவும் வைத்தார்கள். 1949இல் 40ஐக்கூட எட்டாத சராசரி ஆயுள் 1970களின் இறுதியில் 65ஐ ஒட்டி வந்துவிட்டது. ஏழை நாடு ஒன்று இதைச் சாதித்தது சின்ன விஷயம் இல்லை. சுதந்திர இந்தியாவில் எதிர்க்கட்சியும் பத்திரிகையும் இருந்ததால் அப்படி ஒரு பஞ்சம் வரவில்லை, ஆனால் அன்றாடப் பசியையும் நோயையும் குறைப்பதில் சீனாவே முந்தியது என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார். இந்த ஒப்பீட்டில் எந்தப் பாதியை விட்டுவிட்டுப் பேசினாலும் அது நேர்மையான பேச்சு ஆகாது.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. அந்த மருத்துவ வசதிக்குப் பணம் கம்யூனிலிருந்து வந்தது. 1978க்குப் பிறகு நிலம் குடும்பங்களின் பொறுப்புக்குப் போய்க் கம்யூன்கள் கலைந்தன. வருமானம் ஏறியது, ஆனால் கூட்டுறவு மருத்துவத் திட்டம் சரிந்தது. 1970களின் நடுவில் சுமார் 90 சதவீதக் கிராமங்களில் இருந்த திட்டம், பத்தே ஆண்டுகளில் சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கியது. வேலை செய்யும் இடத்தோடு நலத்திட்டத்தைக் கட்டிவைத்தால் இதுதான் ஆபத்து. சோவியத்திலும் வீடு, குழந்தைக் காப்பகம், ஓய்வு இல்லம் என்று பலவற்றைத் தொழிற்சாலையே நடத்தியது. 1991இல் சோவியத் கலைந்த பிறகு ஆலை நொடித்தபோது சம்பளத்தோடு அவையும் ஆட்டம் கண்டன.

சோவியத் கல்வியிலும் தொற்றுநோய் ஒழிப்பிலும் செய்தது பெரிது. ஆனால் மருத்துவமனைக்கான பணம் படுக்கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வந்தது. படுக்கை நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் நோயாளிகளைத் தேவைக்கு மேல் தங்கவைத்தார்கள். மருத்துவர்களுக்கும் படுக்கைகளுக்கும் குறைவில்லை, இருந்தும் 1960களின் நடுவிலிருந்து ஆண்களின் ஆயுள் குறையத் தொடங்கியது. 1970களில் குழந்தை இறப்பு விகிதம் ஏறியபோது அரசு அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. வெளியே தெரியாத நோய்க்கு யார் வைத்தியம் பார்ப்பது?

கடைகளில் இருந்த பற்றாக்குறைக்கு ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கொர்னாய் நல்ல விளக்கம் தந்தார். நட்டமடைந்தாலும் அரசு காப்பாற்றும் என்று தெரிந்த நிர்வாகி செலவைப் பார்க்க மாட்டார், மூலப்பொருளை எவ்வளவு கிடைத்தாலும் கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால் பொருளாதாரம் முழுக்கத் தட்டுப்பாடு நிரந்தரமாகிவிடும். யுகோஸ்லாவியா 1950இலிருந்து தொழிலாளர் மன்றங்களிடம் நிர்வாகத்தைக் கொடுத்து இதிலிருந்து ஓரளவு விலகியது. ஆனால் வேலையில்லாத் திண்டாட்டம் அங்கே தீரவில்லை, லட்சக்கணக்கானோர் மேற்கு ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு வேலை தேடிப் போனார்கள்.

கியூபா மனதைத் தொடும் உதாரணம். 1961இல் இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஒரே ஆண்டில் சுமார் 7 லட்சம் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1984இல் தொடங்கிய குடும்ப மருத்துவர் திட்டத்தில் மருத்துவரும் செவிலியரும் தாங்கள் பார்க்கும் மக்களின் நடுவிலேயே குடியிருந்தார்கள். கர்ப்பிணி பரிசோதனைக்கு வரவில்லையென்றால் இவர்களே வீடு தேடிப் போவார்கள். இதற்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை, அக்கறையும் ஆளும் போதும். ஆனால் ரேஷனைத் தாண்டி வாங்கப் பொருள் வேண்டும், அதை அந்தப் பொருளாதாரத்தால் உற்பத்தி செய்ய முடியவில்லை. சோவியத் உதவி நின்றதும் 1990களில் வந்த உணவுத் தட்டுப்பாட்டை மக்கள் உடல் மெலிந்து அனுபவித்தார்கள். அமெரிக்காவின் வர்த்தகத் தடையும் இதில் காரணம்தான், ஆனால் முழுக் காரணம் இல்லை.

சுவீடனைச் சோஷலிசம் என்று சேர்க்கலாமா என்பது தனி விவாதம். அங்கே தொழில்கள் பெரும்பாலும் தனியாரிடமே இருந்தன. வலுவான தொழிற்சங்கம், அதிக வரி, எல்லாருக்குமான நலத்திட்டம் என்ற வழியைச் சமூக ஜனநாயகக் கட்சி எடுத்தது. 1974இல் குழந்தை பிறந்தால் தந்தையும் எடுக்கக்கூடிய ஊதியத்துடன் கூடிய விடுப்பு வந்தது. பணக்காரரும் ஏழையும் அதே திட்டத்தைப் பயன்படுத்தியதால் அதன் தரம் குறைந்தால் எல்லாரும் குரல் கொடுப்பார்கள். உடைமையை மாற்றும் முயற்சியும் நடந்தது. கம்பெனிகளின் லாபத்தில் ஒரு பகுதியை, தொழிலாளர் சார்பில் கம்பெனிப் பங்குகளை வைத்திருக்கும் நிதிகளுக்குத் திருப்பும் யோசனையைத் தொழிற்சங்கப் பொருளாதார அறிஞர் ருடால்ஃப் மைட்னர் 1970களில் முன்வைத்தார். நீர்த்துப்போன வடிவில் 1980களில் அது சட்டமானது, பலத்த எதிர்ப்பு எழுந்தது, 1991 தேர்தலில் ஆட்சி மாறியதும் நிதிகள் கலைக்கப்பட்டன. பெற்றோர் விடுப்பையும் குழந்தைக் காப்பகங்களையும் ஒழிக்க அந்தப் புதிய அரசு துணியவில்லை.