இட்லிக் கடை அக்காவின் பணமும் உன் ராஜினாமாவும்

வாசகர் கேள்வி:

அக்கா, எனக்கு 24 வயது. வியாசர்பாடியில் இருக்கிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு ஒரு வருடமாகத் தரமணியில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் வேலை. மொத்தமே 14 பேர். வங்கிகளின் பெயரில் வரும் போலி வெப்சைட்டுகளைக் கண்டுபிடித்து முடக்குவதுதான் எங்கள் தொழில். சம்பளம் 19 ஆயிரம். அப்பா துறைமுகத்தில் லோடு வேலை பார்த்தவர், இப்போது உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கிறார். தம்பி காலேஜ் படிக்கிறான். அம்பத்தூரில் ஒரு பெரிய கம்பெனியில் சப்போர்ட் வேலைக்கு 28 ஆயிரம் தருவதாகச் சொல்கிறார்கள், அம்மா அங்கே போ என்கிறார். காலையில் நான் ஒரு பக்கத்தை மூடினால் சாயங்காலம் அதே பக்கம் வேறு பெயரில் வருகிறது, வெறுத்துப்போகிறது. போன வாரம் எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா, கரண்ட் பில் கட்டவில்லை என்று வந்த மெசேஜை நம்பி 38 ஆயிரம் இழந்துவிட்டார். “நீ இந்த வேலைதானே பார்க்கிறே, எடுத்துக் கொடு” என்கிறார். என்னால் முடியவில்லை, அவர் கடைப் பக்கம் போகவே வெட்கமாக இருக்கிறது. சொந்தத் தெருவைக் காப்பாற்ற முடியாத இந்த வேலை எதற்கு? விட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த அக்காவின் பணத்தைப் பார்ப்போம், உன் ராஜினாமா நாலு நாள் காத்திருக்கலாம். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்தார்களா என்று நீ எழுதவில்லை. செய்யவில்லை என்றால் இப்போதே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய். நாள் தள்ளிப்போய்விட்டதே என்று விடாதே. அந்த எண்ணில் புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும், அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை அவர்கள் நிறுத்தி வைப்பார்கள். திருடன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டான், நாலைந்து கணக்குகளுக்கு மாற்றி ஏ.டி.எம்.மில் எடுத்துவிடப் பார்ப்பான். அதனால்தான் முதல் சில மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. அப்புறம் சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகார் பதிந்து எண்ணை எழுதி வைத்துக்கொள். மூன்றாவது, அவருடைய வங்கிக் கிளைக்கே போய் எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகல் வாங்கு. இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதே. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, வாடிக்கையாளரே பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ கொடுத்துவிட்டால் வங்கிக்குச் சொல்லும் வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது, சொன்ன பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது. வங்கிக்கு எப்போது சொன்னார் என்பதற்கு அந்த முத்திரைதான் ஆதாரம்.

இன்னொன்று, இன்றைக்கு ராத்திரியே அவர் போனை வாங்கிப் பார். இந்தக் கரண்ட் பில் மோசடியில் பல இடங்களில் “ஆப் ஒன்று போடுங்கள், நான் சரிசெய்து தருகிறேன்” என்று சொல்லி, ஸ்கிரீனை அவனும் பார்க்கிற மாதிரி ஒரு ஆப்பைப் போட வைப்பார்கள், பிறகு 10 ரூபாய் மட்டும் கட்டச் சொல்லிப் பின் நம்பரைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஆப் இன்னும் அவர் போனில் இருந்தால் மிச்சம் இருக்கும் பணமும் பத்திரமில்லை. ஆப்பை எடுத்துவிட்டு யு.பி.ஐ. பின், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றிக் கொடு. “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று யாராவது கூப்பிட்டால் அதுவும் அதே கூட்டம்தான் என்று சொல்லி வை. ஒருமுறை ஏமாந்தவர்களின் நம்பர் கைமாறும்.

முழுப் பணமும் வரும் என்று மட்டும் அவரிடம் சொல்லாதே. நிறுத்தி வைத்த தொகை இருந்தால் அது திரும்ப வரும், ஒன்றும் மிச்சமில்லை என்றால் வராது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, கூட அலைந்து வேலையை முடித்துக் கொடு. அவர் கடைக்கு நீ தலை நிமிர்ந்து போவதற்கு அது போதும்.

இப்போது உன் வெட்கத்துக்கு வருகிறேன். அந்த மெசேஜ் எப்படி இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும். போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே மின்வாரிய அதிகாரியை இந்த எண்ணில் கூப்பிடுங்கள். பல வருடமாக நாடு முழுக்க ஒரே வாசகத்தோடு சுற்றுகிறது. நம் ஊரில் வீட்டுக்கு ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான், “போன மாத பில்” என்ற பேச்சே இங்கே பொருந்தாது. ஆனால் இதை நிதானமாக உட்கார்ந்து யோசித்தால்தான் பிடிபடும். மறுநாள் இட்லிக்கு ராத்திரி மாவு அரைத்தாக வேண்டிய ஒருவருக்கு கரண்ட் நின்றால் கிரைண்டர் நிற்கும், கிரைண்டர் நின்றால் காலை வியாபாரம் போச்சு. அவர் ஏமாந்ததற்குப் படிப்புக் குறைவோ பேராசையோ காரணம் இல்லை. பிழைப்பு எங்கே நிற்கிறதோ சரியாக அங்கே கை வைத்தார்கள்.

இதில் நீ கவனிக்க வேண்டியது, அந்த மெசேஜில் லிங்க்கே கிடையாது. 10 இலக்க மொபைல் நம்பர் மட்டும்தான். உன் கம்பெனி தேடுவது போலி டொமைன்களை, அதாவது போலி வெப்சைட் முகவரிகளை. போன் கால் மோசடியை உங்கள் கருவி எதுவும் பிடித்திருக்க முடியாது. உன் கையில் இல்லாத ஒன்றுக்காக நீ தெருவை மாற்றி நடக்கிறாய்.

அடுத்து, மூட மூட வருகிறதே என்ற வெறுப்பு. உன் நிலையில் யாருக்கும் வரும். ஆனால் பக்கம் திரும்ப வருகிறதா என்பதை வைத்து இந்த வேலையை எடைபோட்டால் தினமும் தோற்றுக்கொண்டே இருப்பாய். போலிப் பக்கத்தின் ஆயுள் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான். எஸ்.எம்.எஸ். கொத்தாகப் போன முதல் சில மணி நேரத்தில்தான் ஆட்கள் விழுவார்கள். காலை 11 மணிக்கு மூடிய பக்கத்தை மத்தியானம் டீ குடித்துக்கொண்டே திறந்து பார்க்கிற ஒருவருக்கு எர்ரர்தான் வரும், அவரும் சலித்துக்கொண்டு போனைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அவர் யார் என்று உனக்குத் தெரியப்போவதில்லை, தான் தப்பித்தது அவருக்கும் தெரியாது. யாரும் நன்றி சொல்ல வராத வேலை இது. ஒரு பக்கம் கண்ணில் பட்டதிலிருந்து மூடும் வரை எத்தனை மணி நேரம் ஆனது என்பதைக் கணக்கு வைத்துக்கொள். அது குறைந்துகொண்டே வந்தால் நீ ஜெயிக்கிறாய்.

இந்த வேலையில் மூளைக்கு எவ்வளவு தீனி இருக்கிறது என்று உன் கடிதத்தில் ஒரு வரியாவது எழுதியிருப்பாய் என்று தேடினேன், இல்லை. அதனால் நானே சொல்கிறேன். திருடனும் தன் பக்கத்தில் பூட்டுச் சின்னம் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பிரவுசரே எச்சரித்துவிடும். பூட்டுக்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும், இப்போது அது இலவசமாகவே கிடைக்கிறது. பூட்டு இருந்தால் பத்திரம் என்று இன்னமும் நம்புகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் அப்படி வாங்கும் சான்றிதழ்கள் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. ஒரு வங்கியின் பெயரோடு கே.ஒய்.சி., ரிவார்ட் என்று ஒட்டவைத்த புது டொமைன் அங்கே தலைகாட்டும்போதே, முதல் எஸ்.எம்.எஸ். போவதற்கு முன்பே, உன்னால் அதைப் பார்த்துவிட முடியும். நம்பவைக்க அவன் போட்ட பூட்டே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. கம்ப்யூட்டரில் திறந்தால் காலிப் பக்கம், இந்திய மொபைல் நெட்வொர்க்கில் திறந்தால் மட்டும் வங்கி லாகின் என்று ஒளிந்து விளையாடும் பக்கங்களைப் பிடிக்கவும் நீ இந்நேரம் கற்றிருப்பாய். இது எல்லாம் கைத்தொழில், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் உன்னோடு வரும். வங்கிகள் எல்லாம் .பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அதனால் திருட்டு நின்றுவிடாது, ஆனால் இந்த முகவரியைப் பார் என்று தெருவில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பது சுலபமாகியிருக்கிறது. வியாசர்பாடியில் இரவுப் பாடசாலைகள் நடக்கின்றனவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் முகவரியை வலது பக்கத்திலிருந்து எப்படிப் படிப்பது, நமக்கு வரும் பணத்தை வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு. பெரிய பையன்களிடம் இன்னொன்றும் சொல். “உன் பேங்க் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, காசு தருகிறேன்” என்று எவனாவது கேட்டால் கொடுக்கக் கூடாது. இட்லிக் கடை அக்காவின் பணம் அப்படிப்பட்ட ஏதோ ஒரு கணக்கு வழியாகத்தான் போயிருக்கும், போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவதும் அந்தக் கணக்குக்காரன் வீட்டில்தான்.

வேலை நல்ல வேலை என்பதால் கம்பெனியும் நல்ல கம்பெனி என்று ஆகிவிடாது. அதைத் தெரிந்துகொள்ள உன் மேலாளரிடம் நேராகவே கேள். போலிப் பக்கம் இருக்கும் சர்வரில் சில சமயம் ஏமாந்தவர்கள் தட்டிய பெயர், கார்டு நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் ஒரு ஃபைலில் அப்படியே கிடக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கம்பெனி என்ன செய்கிறது? உடனே அந்த வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்க வைக்கிறதா, பிறகு அதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறதா, அழிக்கிறதா? இரண்டாவது, ஒரு சின்ன வியாபாரியின் நிஜமான வெப்சைட்டைத் தவறாக முடக்கிவிட்டால் திரும்பத் திறக்க யார் பொறுப்பு, எத்தனை மணி நேரம் ஆகும்? எத்தனை பக்கம் மூடினோம் என்ற எண்ணிக்கையைக் காட்டியே வாடிக்கையாளர் பிடிக்கும் இடங்களில் இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் கிடைக்காது. தயங்காமல் பதில் சொன்னால் உன் முதலாளிகளுக்கு இந்த வேலையில் அக்கறை இருக்கிறது. மழுப்பினால், அம்பத்தூர் வேலை வந்தாலும் வராவிட்டாலும், நீ வேறு இடம் பார்.

சம்பளம். அம்மாவை நீ எதிரியாக எழுதியிருக்கிறாய். வீட்டுக்காரர் வேலைக்குப் போக முடியாமல், பையன் காலேஜில் இருக்கும்போது மாதம் 9 ஆயிரம் கூட வருகிறது என்றால் எந்தத் தாயும் அதைத்தான் சொல்வார், சொல்ல வேண்டும். லட்சியத்தைக் காட்டி அவரை வாயடைக்காதே. ஆனால் கம்பெனியிடமும் கேட்காமல் போகாதே. 14 பேர் என்கிறாய், 20 பேருக்குக் குறைவாக இருப்பதால் பி.எஃப். கட்டாயமில்லை என்று சொல்லலாம், அது சரிதான். இ.எஸ்.ஐ. அப்படியில்லை. 10 பேர் இருந்தாலே பொருந்தும், சம்பளம் 21 ஆயிரத்துக்குள் இருப்பதால் உனக்கு உண்டு. உன்னை நம்பி இருக்கும் அப்பா, அம்மாவுக்கும் அதில் வைத்தியம் கிடைக்கும், அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உங்களுக்குக் கூப்பிடு தூரம். அப்பாவின் மருந்துச் செலவைக் கணக்குப் போட்டால் அந்த 9 ஆயிரத்தில் ஒரு பகுதி அங்கேயே ஈடுகட்டும். இதுவரை உன்னைச் சேர்க்கவில்லை என்றால் ஏன் என்று கேள், அது உன் உரிமை. சம்பளம் 21 ஆயிரத்தைத் தாண்டினால் இது எப்படி மாறும் என்பதையும் விசாரித்து வைத்துக்கொள். திருடர்கள் ராத்திரியிலும் லீவு நாளிலும்கூடப் பக்கங்களைத் திறப்பார்கள், அதனால் உன்னை நைட் ஷிஃப்ட் கேட்டிருப்பார்கள் அல்லது கேட்பார்கள். ராத்திரி வேலை என்றால் உன் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், வீட்டுக்குக் கொண்டு விட வண்டி வேண்டும். தரமணியில் பறக்கும் ரயில் ஏறி, மாறி, ஜீவா ஸ்டேஷனில் அந்த நேரத்தில் தனியாக இறங்கி நடப்பதை யாரும் உன் பொறுப்பில் தள்ளக் கூடாது.

இதையெல்லாம் ஒரு மெயிலில் எழுதி, ஆறு மாதத்துக்குள் சம்பளம் எவ்வளவு ஆகும் என்பதையும் எழுத்தில் கேள். கம்பெனி ஷேர் தருகிறோம் என்ற பேச்சை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்காதே, அதை வைத்து காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது. ஓரளவு நெருங்கி வந்தார்கள் என்றால் இன்னும் ஒரு வருடம் இரு என்பதுதான் என் யோசனை. 24 வயதில் இந்தத் தொழிலை இவ்வளவு கிட்டே நின்று பார்க்கும் வாய்ப்பு சப்போர்ட் வேலையில் கிடைக்காது, ஒரு வருடம் கழித்து வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவிலேயே நீ விண்ணப்பிக்கலாம். வரவில்லை என்றால் அம்பத்தூருக்குப் போ. வீட்டுச் செலவுக்காக வேலை மாறுவதில் ஒரு குறையும் இல்லை. இட்லிக் கடை அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதற்காக மட்டும் விடாதே.

ஒன்று மட்டும். அவர்கள் “தருவதாகச் சொல்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறாய், ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தது என்று எழுதவில்லை. லெட்டர் வராமல் இங்கே பேப்பர் போடாதே. வந்தால் அது எந்த மெயில் முகவரியிலிருந்து வந்தது என்று அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் பார்ப்பதுபோலவே உனக்கும் பார், கம்பெனியின் வெப்சைட்டில் இருக்கும் நம்பரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொள். லேப்டாப்புக்கு, டிரெய்னிங்குக்கு என்று ஒரு ரூபாய் முன்பணம் கேட்டாலும் அதோடு பேச்சை நிறுத்திவிடு.