பங்கு 100 என்றால் நூறு சதவீதம் இல்லை, தம்பி

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "அண்ணே, கடையில் நாலு கோர் டெஸ்க்டாப் ஒன்று, வீட்டில் லேப்டாப் ஒன்று. மீன்பிடித் தடைக்காலத்தில் கடைப்பக்கம் ஆளே வருவதில்லை, மெஷின் சும்மாதானே கிடக்கிறது என்று பாயிங்க் போட்டு ஐன்ஸ்டைன், ரொசெட்டா, வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட், க்ளைமேட் பிரெடிக்ஷன் நாலிலும் சேர்ந்துவிட்டேன். நாலுக்கும் பங்கு சமமாக 25 போட்டிருக்கிறேன். நெட் அடிக்கடி போகும் என்பதால் பத்து நாள் வேலையை முன்கூட்டியே இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டு நாள் முழுக்க ரொசெட்டாவே ஓடுகிறது, ஐன்ஸ்டைன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, பாதி வேலை கெடு தாண்டிப் போய்விட்டது. சரிசமமாகப் பிரிப்பது எப்படி?"

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பாயிங்க் (BOINC) என்பது பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவச மென்பொருள். நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்க வழி செய்வது. அதில் நாம் சேரும் ஒவ்வொரு ஆராய்ச்சித் திட்டமும் ஒரு புராஜெக்ட். ஐன்ஸ்டைன் பல்சர் என்கிற வேகமாகச் சுழலும் விண்மீன்களையும் ஈர்ப்பு அலைகளையும் தேடுகிறது, ரொசெட்டா புரதங்களின் வடிவத்தைக் கணக்கிடுகிறது, வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டில் பெரும்பாலும் மருத்துவம், க்ளைமேட் பிரெடிக்ஷன் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களின் பருவநிலை மாதிரிகள். காசு கிடைக்காது. புள்ளிகள் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு ஒரு டீ கூடக் குடிக்க முடியாது.

சரி, தம்பி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் அந்த 25. நாலு இருபத்தைந்து சேர்ந்தால் நூறு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அது தேவையே இல்லை. பாயிங்க் சொல்கிற 'ரிசோர்ஸ் ஷேர்' சதவீதம் அல்ல, நம் கரையில் சொல்கிற அதே பங்குதான். டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு போடும்போது படகுக்கும் வலைக்கும் சேர்த்து இரண்டு பங்கு, மூன்று ஆளுக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் ஐந்து. நாளைக்கு இன்னொரு ஆள் ஏறினால் மொத்தம் ஆறு. யாருடைய பங்கும் மாறவில்லை, ஆனால் கைக்கு வருகிற காசு எல்லாருக்கும் குறைகிறது. இங்கேயும் அதேதான். நாலும் 25 ஆக இருந்தாலும், நாலும் 100 ஆக இருந்தாலும் (சும்மா விட்டால் ஒவ்வொன்றுக்கும் 100 தான் இருக்கும்) ஒரே பலன். ஒன்றுக்கு 200, மற்றதுக்கு 100 என்றால் இரண்டுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

அடுத்து, இந்தப் பங்கை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பாக் நீரிணையில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நாலு நாள் என்று முறை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. முறை நாளன்று கடலில் ஒரு தரப்பு மட்டும்தான் தெரியும், அன்றைக்கு நின்று பார்க்கிறவன் இன்னொரு தரப்பை ஒழித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். பாயிங்க்கும் இப்படித்தான்: ஒவ்வொரு புராஜெக்டும் சமீபத்தில் எவ்வளவு வேலை வாங்கியது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது, பங்கைவிடக் குறைவாக வாங்கியதற்கு அடுத்த முறை முன்னுரிமை தருகிறது. அந்தக் கணக்கு பத்து நாளில் பாதியாகத் தேய்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள், அதாவது பத்து நாளுக்கு முன் நடந்தது பாதிதான் எடுபடும், இருபது நாளுக்கு முன் நடந்தது கால்வாசி. அதனால் சமமாகப் போகிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஒரு மாதமாவது விட்டுவிட்டுப் பாருங்கள். இன்றைக்குப் பார்த்து, நாளைக்கு எண்ணை மாற்றி, மறுநாள் திரும்ப மாற்றி... இந்தக் கை அரிப்பு எனக்கும் இருந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த புராஜெக்டுக்கு இன்னொரு சலுகை உண்டு, அதன் கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பதால் மற்றவை ஏற்கனவே வாங்கியதை எட்டிப் பிடிக்கும்வரை அதற்குப் புது மாப்பிள்ளை கவனிப்பு நடக்கும். இதையும் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் மெஷினில் நடந்தது இது மட்டும் அல்ல. உண்மையான வில்லன் அந்தப் பத்து நாள் கையிருப்புதான். கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். ரொசெட்டா வேலை ஒன்று சாதாரணமாக எட்டு மணி நேரம் ப்ராசஸரை எடுக்கும், அதற்குக் கெடு மூன்று நாள். ஐன்ஸ்டைன் பெரும்பாலும் பதினாலு நாள் தருகிறது. உங்கள் கடை காலையில் திறந்து இரவு மூடுவது வரை பத்து மணி நேரம் மெஷின் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளில் ஒரு கோருக்கு (ப்ராசஸருக்குள் தனியாக ஒரு வேலையை ஓட்டும் பகுதி) முப்பது மணி நேரம், எட்டு மணி வேலை மூன்று முழுசாக முடியும், நாலாவது தொங்கும். நாலு கோருக்கும் சேர்த்து அதிகபட்சம் பன்னிரண்டு, அதுவும் வேறு எந்தப் புராஜெக்டையும் தொடாமல், இடையில் ஒரு வாடிக்கையாளர் கூட வராமல், கரண்டும் போகாமல் இருந்தால். நீங்களோ பத்து நாளைக்கு வேலை கொண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பாயிங்க் அள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட்டது, வந்த பிறகுதான் கெடுவைப் பார்த்து அதற்கே கதிகலங்கிவிட்டது. கெடு தவறும் என்று தெரிந்த நிமிஷத்தில் அது பங்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, எதற்குக் கெடு முதலில் முடிகிறதோ அதையே எடுத்து ஓட்டும். இரண்டு நாள் ரொசெட்டா மட்டும் ஓடியது அதனால்தான். ஐன்ஸ்டைனை அது மறக்கவில்லை, கடன் எழுதி வைத்திருக்கிறது, பின்னால் சேர்த்துக் கொடுக்கும்.

பாயிங்க் உங்கள் மெஷின் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் கவனித்துக் கற்றுக்கொள்கிறதுதான். ஆனால் மெதுவாக. முதல் வாரம் ராத்திரி பகலாக ஓடவிட்டு, அப்புறம் கரண்ட் பில்லை நினைத்துக் கடை நேரம் மட்டும் என்று மாற்றியிருந்தால், அது இன்னும் பழைய நினைப்பில்தான் வேலை கேட்டுக்கொண்டிருக்கும்.

நானும் இதே கூத்தை அடித்தவன். 2020 மார்ச் 31 அன்று செட்டி அட் ஹோம் என்ற, வேற்றுக்கிரக நாகரிகங்களைத் தேடும் புராஜெக்ட் புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியபோது (1999 மே மாதம் ஆரம்பித்தது, எங்களைப் போன்ற பழைய ஆட்களெல்லாம் அதில்தான் கை பழகினோம்) இனி வேலையே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஐந்து புராஜெக்டில் சேர்ந்து எல்லாவற்றுக்கும் கையிருப்பைக் கூட்டி வைத்தேன். ஒருமுறை மெஷினை அணைத்துவிட்டு மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் கழித்து வந்து பார்த்தால், இறக்கி வைத்ததில் பெரும்பகுதி காலாவதி. அதே வேலை வேறு யாரோ ஒருவருக்கு மறுபடி அனுப்பப்பட்டு, எங்கோ ஒரு ஆராய்ச்சிக்காரர் என்னால் நாலு நாள் காத்திருந்தார். பிடித்த மீனை ஐஸ் போடாமல் கரையில் குவித்து வைத்த மாதிரி.

ஆக, செய்ய வேண்டியது. பாயிங்க் மேனேஜரில் (மெஷினில் பாயிங்க்கைத் திறந்தால் வரும் ஜன்னல்) 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்' திறந்து, குறைந்தபட்சம் இத்தனை நாள் வேலை என்ற இடத்தில் 0.5, கூடுதலாக என்ற இடத்தில் 0.1 போடுங்கள். நெட் போய்விடுமே என்கிறீர்கள், போகட்டும். கடை நேரத்தில் அரை நாளைத் தாண்டி நெட் இல்லாமல் இருப்பது புயல் சமயத்தில்தான் நடக்கும், அப்போது கரண்டும் இருக்காது, அப்புறம் எதை வைத்து ஓட்டப் போகிறீர்கள்? பல புராஜெக்ட் வைத்திருப்பவருக்குக் கையிருப்பு அவ்வளவாகத் தேவையும் இல்லை, ஒன்று காலியானால் இன்னொன்று இருக்கிறதே.

பங்கை எங்கே மாற்றுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பாயிங்க் மேனேஜரில் தேடினால் கிடைக்காது. அந்தந்தப் புராஜெக்டின் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் மாற்றிவிட்டு, அப்புறம் மேனேஜரில் அந்தப் புராஜெக்டைத் தேர்ந்தெடுத்து 'அப்டேட்' அழுத்த வேண்டும். அங்கேயே வீடு, அலுவலகம், பள்ளி என்று இடம் பிரித்து வைக்கலாம். கடை மெஷினை ஓர் இடத்திலும் லேப்டாப்பை இன்னோர் இடத்திலும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பங்கு கொடுக்கலாம். நீங்கள் இரண்டுக்கும் ஒரே கணக்கை வைத்து, இடம் பிரிக்காமல் விட்டிருந்தால், கடைக்குப் போட்ட எண்தான் லேப்டாப்பிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

எண் என்ன போடலாம்? நானாக இருந்தால் கடை மெஷினில் ஐன்ஸ்டைன் 100, வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் 100, ரொசெட்டா பூஜ்யம். பூஜ்யம் என்றால் விலக்கி வைப்பது என்று நினைக்காதீர்கள். மற்ற இரண்டிடமும் வேலை இல்லாமல் கோர் சும்மா நிற்கும்போது மட்டும் வந்து கைகொடுக்கும் மாற்று ஆள் அது, அதிலும் அந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கும், முன்கூட்டிக் குவிக்காது. குறுகிய கெடுக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ரொசெட்டாவின்மேல்தான் உங்களுக்கு ஆசை அதிகம் என்றால் தாராளமாகப் பங்கு கொடுங்கள், கையிருப்பு அரை நாளாக இருக்கும்வரை ஒன்றும் கெடாது. லேப்டாப்புக்கு ஒரே ஒரு புராஜெக்ட் போதும்.

க்ளைமேட் பிரெடிக்ஷனைப் பற்றி என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கடலோரத்தில் இருக்கிறோம், பருவநிலை ஆராய்ச்சிக்கு உதவ வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் அதன் வேலைகள் நாள்கணக்கில் ஓடுபவை, மெமரி நிறையக் கேட்பவை, முடிவைத் திருப்பி அனுப்பும் கோப்புகளும் கனமானவை, நடுவில் கரண்ட் பட்டென்று போனால் பிழையாகி நின்றுவிடும் வாய்ப்பும் மற்றவற்றைவிட அதிகம். யூபிஎஸ் இல்லாத கடையில் அது வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருப்பதை முடியவிடுங்கள், புது வேலை வராமல் தடுக்கும் 'நோ நியூ டாஸ்க்ஸ்' மட்டும் அழுத்தி வையுங்கள், யூபிஎஸ் வாங்கிய பிறகு திறந்துவிடலாம். மற்ற புராஜெக்டுகளில் கரண்ட் போனால் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும், நஷ்டம் பெரும்பாலும் சில நிமிஷங்கள்தான்.

கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பாயிங்க் கார்டில் செய்த வேலையையும் ப்ராசஸரில் செய்த வேலையையும் ஒரே பேரேட்டில்தான் எழுதுகிறது. ஐன்ஸ்டைன் கார்டில் ஓடிக்கொண்டிருந்தால் அதன் பங்கு அங்கேயே நிரம்பிவிடும், ப்ராசஸர் பக்கம் மற்றவர்களுக்குப் போய்விடும். ஐன்ஸ்டைன் எட்டிப் பார்க்கவில்லை என்ற புகாருக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

சூடு. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதாவது உங்கள் மெஷின் சும்மா இருக்கிற 61 நாளும் நம் ஊர் வெயில் உச்சத்தில் இருக்கிற நாள்கள். நாலு கோரையும் ஓட்டாதீர்கள், ப்ராசஸர்களில் 50 சதவீதம் என்று வைத்து இரண்டை மட்டும் கொடுங்கள். பக்கத்திலேயே ப்ராசஸர் நேரத்தில் இத்தனை சதவீதம் என்று இன்னொரு கட்டம் இருக்கும், அதை 100 லேயே விட்டுவிடுங்கள். அதைக் குறைத்தால் வேலையைச் சில விநாடி நிறுத்தி, சில விநாடி ஓட்டி, வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், காத்தாடியும் கூடவே கத்தும். உப்புக்காற்றில் காத்தாடியும் ஹீட்சிங்க்கும் எவ்வளவு சீக்கிரம் பிசுபிசுப்பாகி தூசி ஒட்டிக்கொள்ளும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பிரஷ் போட்டுவிடுங்கள். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓடவே விடாதீர்கள்.

கரண்ட் பில்லும் பங்காளிதான், அவருக்குத்தான் முதல் பங்கு. மெஷின் சும்மா இருப்பதைவிட 60 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்தால் முழு நாளுக்கு 1.44 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட் சொச்சம். கடை நேரம் மட்டும் என்றால் 36 யூனிட். உங்கள் மெஷின் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதை ஒரு வாட் மீட்டர் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டு லேப்டாப்பை இரவெல்லாம் ஓடவிட எண்ணம் இருந்தால் அதற்கும் இதே கணக்கு.

இப்போதைக்கு உடனே: கெடு தாண்டியதும், எப்படியும் தாண்டப்போவதும், இன்னும் தொடங்காததுமான வேலைகளை 'அபார்ட்' (Abort, கைவிடு) கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள், பாவம் ஒன்றும் இல்லை, சர்வர் அதை உடனே இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். பாதிக்கு மேல் ஓடியதை முடியவிடுங்கள். அப்புறம், கம்ப்யூட்டரை ஆள் பயன்படுத்தும்போது நிறுத்தி வை என்பதையும், நிறுத்திய வேலையை மெமரியிலேயே வைத்திரு என்பதையும் டிக் செய்துவிட்டால், ஜூன் 15க்கு மேல் கடையில் கூட்டம் வந்தாலும் நீங்கள் பாயிங்க்கைத் தொட வேண்டியிருக்காது.