‘என்னால் முடியவில்லை’ என்று சொல்வது அவிசுவாசமா?

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவுக்கு வரும் தோழி ஒருத்தி எட்டு மாதமாக மனச்சோர்வில் இருக்கிறாள். இரவு பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் போன் வரும். வசனம் சொல்லி, ஜெபித்து, அவள் தூங்கும்வரை பேசுவேன். இப்போது எனக்கே தூக்கம் போய்விட்டது. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். அவளுக்கு ஒரு அக்கா உண்டு, அவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. என்னைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை. போன வாரம், “வாழவே பிடிக்கவில்லை, யாரிடமும் சொல்லாதே” என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற வசனத்தை நம்புகிற நான், ‘என்னால் முடியவில்லை’ என்று சொன்னால் அது அவிசுவாசம் ஆகாதா? ஆராதனை நேரத்தில்கூட போனை அணைத்துவைக்கப் பயமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தச் சத்தியத்தை மீறிவிடுங்கள், இன்றைக்கே.

“வாழப் பிடிக்கவில்லை” என்று ஒருவர் சொன்ன பிறகு, அது இரண்டு பேருக்குள் பூட்டி வைக்கிற ரகசியம் இல்லை. அவரிடமே நேராகக் கேளுங்கள்: “சாகவேண்டும் என்று நினைக்கிறாயா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதுதான் மனநல மருத்துவர்கள் சொல்வது. ஒருவர் வாய்விட்டுக் கேட்டதே பலருக்கு ஆறுதலாக இருக்கும். ‘ஆம்’ என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். யாராவது கூடவே இருந்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டும். ‘இல்லை’ என்றாலும் அக்காவுக்குத் தெரியவேண்டும், மருத்துவரைப் பார்க்க நாளும் குறிக்கவேண்டும். கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும், உயிரோடு இருந்து கோபிக்கட்டும்.

சரி, இனி அந்த வசனம்.

பிலிப்பி ஊர் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் வருகிற அந்த வரி, பிலிப்பியர் 4:13, பெரும்பாலும் வசன அட்டைகளில் தனியாகத்தான் நிற்கிறது. முன்னும் பின்னும் இருக்கும் வசனங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியும் தெரியும் என்று முந்தின வசனத்தில் பவுல் சொல்கிறார். குறைவிலும் நிறைவிலும் நிலைகுலையாமல் இருக்கிற பெலனைத்தான் சொல்கிறார், எதை எடுத்தாலும் தனியாளாய்ச் சாதித்துவிடுகிற பெலனை இல்லை. அடுத்த வசனமோ இன்னும் சுவாரசியம்: என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்ல காரியம் என்கிறார். கட்டுண்டு கிடக்கிற ஒரு மனிதர், தமக்கு வந்த உதவிக்கு நன்றி சொல்லி எழுதுகிற பகுதி அது. உதவி வாங்கிக்கொண்ட கை எழுதவைத்த வரியைக் கொண்டுதான், உதவி கேட்கவே கூடாது என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்கிறீர்கள்.

அந்த உதவியைக் கொண்டுவந்தவர் எப்பாப்பிரோதீத்து. (பிரசங்கங்களில் அவர் பெயர் அதிகம் கேட்பதில்லை. உச்சரிக்கக் கஷ்டம் என்பதாலோ என்னவோ!) இரண்டாம் அதிகாரக் கடைசியில் அவர் கதை வருகிறது. பவுலுக்கு உதவத்தான் பிலிப்பியிலிருந்து போனார். போன இடத்தில் வியாதிப்பட்டு, மரணத்துக்குச் சமீபமானார். எனக்கு மிகவும் பிடித்தது அதற்கடுத்த விவரம்: தாம் வியாதிப்பட்ட செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று அவர் வியாகுலப்பட்டாராம். உதவப் போனவன் பாரமாகிவிட்டேனே என்று நினைத்தாரோ? வேதம் அதைச் சொல்லவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் போனை வைத்துவிட்டு விழித்துக் கிடக்கிற உங்களுக்கு அந்த வியாகுலம் அந்நியமாக இருக்காது.

பவுல் என்ன செய்தார்? அவர் தம் பிராணனையும் எண்ணாமல் உழைத்தார் என்று பாராட்டினார், உண்மைதான். ஆனால் பாராட்டிவிட்டுக் கூடவே வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு அனுப்பிவைத்தார். ‘ஏன் பாதியில் வந்தாய்’ என்று அங்கே யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனமாய் எண்ணுங்கள் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார். உங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். இதையே அதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘என்னைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தத்தோடுதான் எழுதினீர்கள். ஆனாலும் அந்த வரியில் கொஞ்சம் இனிப்பும் இருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த ருசி எனக்கும் தெரியும். பல வருடங்களுக்கு முன், குடியில் மூழ்கியிருந்த ஒரு நண்பரை நானே மீட்டுவிடுவேன் என்று இறங்கினேன். சிகிச்சையெல்லாம் எதற்கு, உபவாசித்து ஜெபிப்போம், இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்றேன். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதுகூட எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார், தேவனுக்கு ஸ்தோத்திரம். மருத்துவமனை வராந்தாவில் அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வை மட்டும் இன்னும் மறக்கவில்லை. எனக்குத் தெரியாது என்ற இரண்டு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

விசுவாச அறிக்கை நமக்குத் தெரியும், பாவ அறிக்கையும் தெரியும். யோவான் ஸ்நானகன் இன்னொரு அறிக்கை செய்தான். நீர் யார் என்று கேட்டபோது, “நான் கிறிஸ்து அல்ல” என்றான். சுவிசேஷம் அதற்கு ‘அறிக்கையிட்டான்’ என்ற சொல்லையே போடுகிறது, அதுவும் ஒரே வசனத்தில் இரண்டு முறை. உங்கள் தோழியிடம் நீங்கள் சொல்லவேண்டியதும் ஏறக்குறைய அதுதான்.

எப்படிச் சொல்வது என்று திணறுவீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “உன்னை விட்டுப் போகமாட்டேன். ஆனால் இந்த வலிக்கு என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரிடம் போவோம், நானும் கூட வருகிறேன். அக்காவிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?” மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லாதீர்கள். ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்ற சாக்கும் வேண்டாம். சாக்கு சொன்னால் குணமானதும் பழையபடி போன் வரும்.

இரவு நேரத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள். சாதாரணப் பேச்சுக்குப் பத்து மணி வரை நீங்கள். அதற்குமேல் ஆபத்தான நிலை என்றால் அக்கா, அல்லது உங்கள் பகுதியில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு உதவி எண். அந்த எண்ணை இப்போதே தேடி இருவர் போனிலும் பதிந்துவையுங்கள். இயேசு சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போன நல்ல சமாரியன்கூட சத்திரத்தில் ஒரு நாள்தான் தங்கினான். மறுநாள் காசைக் கொடுத்து, சத்திரக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போனான். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நீங்களும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். தூக்கம் போன மனுஷிக்கு வசனத்தோடு வைத்தியமும் வேண்டும்.

அக்காவிடம் பேசியதும் முதல் ஏற்பாடாக ஞாயிற்றுக்கிழமை காலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆராதனை நேரம் அக்காவின் முறை என்று தோழியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு உங்கள் போன் அணைந்தே இருக்கட்டும்.