ஒரே வருடத்தில் ஒன்பது சென்டிமீட்டர்

கேள்வி: நாங்கள் நெதர்லாந்தின் தெற்கே, பெல்ஜிய எல்லைக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். மகளுக்கு 13 வயது, ஆறு வயதிலிருந்து ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சுழன்றும் தாவியும் ஆடுவது) பழகுகிறாள். போன வருடம் டபுள் ஆக்ஸல் தாவினாள். இந்த வருடம் 9 சென்டிமீட்டர் வளர்ந்தாள், அந்தத் தாவல் போய்விட்டது. தினமும் விழுந்து அழுகிறாள். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிறார் பயிற்சியாளர். பெல்ஜியத்தில் வீடு எடுத்து அங்கே பயிற்சிக்குச் சேர்க்கலாமா என்று எனக்கு ஓர் எண்ணம். கணவரோ, "இது ஸ்பீட் ஸ்கேட்டிங் நாடு, இதில் எதிர்காலம் இல்லை, விட்டுவிட்டுப் படிக்கட்டும்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் சாப்பாடு. மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. இந்த வேகத்தில் வளர்கிற பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு பிடி சோறுகூடக் குறைக்காதீர்கள். தினமும் மணிக்கணக்கில் பனியில் உழைக்கிற உடம்புக்குத் தீனி போதாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு வலுவிழக்கும், அப்புறம் சின்ன விழுதலும் பெரிய முறிவாகும். பதினைந்து வயதாகியும் பெரியவளாகவில்லை என்றாலோ, வந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றாலோ டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பயிற்சியாளரிடம் இதை நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள், மகள் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

தாவல் ஏன் போனது என்பதை அவளுக்கும் விளக்குங்கள், பாதி அழுகை நிற்கும். ஆக்ஸல் மட்டும்தான் முன்னோக்கிக் கிளம்புகிற தாவல், ஆகவே டபுள் ஆக்ஸல் என்றால் இரண்டரைச் சுற்று, அதை ஒரு விநாடிக்குள் முடித்துப் பின்னோக்கி இறங்க வேண்டும். கை கால் நீண்டதும் அதே வேகத்தில் சுற்ற அதிக பலம் வேண்டும், எந்தக் கணத்தில் கையை மார்போடு இழுப்பது என்று உடம்பு பழகி வைத்திருந்த கணக்கும் தப்பிவிடும். வளர்கிற பிள்ளைகள் நிறையப் பேருக்கு இது நடக்கிறது. இப்போது அதே தாவலை நூறு முறை போட்டு நூறு முறை விழுவது முழங்காலையும் குதிகாலையும்தான் கெடுக்கும். சுழற்சி, ஸ்கேட்டின் கத்தி விளிம்பில் வழுக்குவது, ஆட்ட அழகு, கால் பலம் இவற்றுக்கு இந்த வருடத்தைக் கொடுக்கட்டும்.

அவளுக்கு நேரமும் இருக்கிறது. பெரியவர்கள் பிரிவில் ஆடக் குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-க்கு உயர்த்த சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022-ல் முடிவு செய்தது. பத்து வருடத்துக்கு முன்னால் நீங்கள் எழுதியிருந்தால் எனக்கே பதற்றமாக இருந்திருக்கும். இப்போது அவளுக்கு ஜூனியர் வயது தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நிஜம். 1976-ல் இன்ஸ்ப்ருக் ஒலிம்பிக்கில் டயான் டி லேவ் வெள்ளி வென்ற பிறகு, பெண்கள் பிரிவில் அடுத்த நெதர்லாந்துக்காரி ஒலிம்பிக் பனியில் இறங்க 46 வருடம் ஆனது. 2022-ல் பெய்ஜிங் போன லிண்ட்ஸே வான் ஸுண்டர்ட்தான் அது. உங்கள் பக்கத்து எட்டன்-லூர் ஊரில் பிறந்த பிள்ளை. 17 வயது நிறைந்த மூன்றாம் நாள், ஸ்பீட் ஸ்கேட்டர் கெல்ட் நெளஸுடன் சேர்ந்து நாட்டின் கொடியைப் பிடித்து நடந்தாள். முடித்தது 18-வது இடம். அதை எளிதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஒரு நாட்டில் ஒரு தலைமுறைக்கே ஒருத்திதான் அந்தக் கதவைத் திறக்க முடிந்திருக்கிறது என்றால் அந்த வழி எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். ஆனால் எதிர்காலமே இல்லை என்பது சரியில்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் நெதர்லாந்துக்கு வந்த முதல் தங்கமே ஃபிகர் ஸ்கேட்டிங்கில்தான், 1964-ல் ஷாக்யா டைக்ஸ்ட்ரா வாங்கியது. அவருடைய அப்பா ஸ்பீட் ஸ்கேட்டர் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

பெல்ஜியம் விஷயத்தில் எல்லை தாண்டுவது தப்பே இல்லை. டைக்ஸ்ட்ரா இங்கிலாந்தில் பழகினார், டி லேவ் கலிபோர்னியாவில் வளர்ந்தவர், லிண்ட்ஸேக்குப் பயிற்சி தந்தவர்களில் ஒருவர் பெல்ஜியத்துக்காக இரண்டு ஒலிம்பிக் ஆடிய யோரிக் ஹென்ட்ரிக்ஸ். ஆனால் வீட்டை மாற்றுவது வேறு, வார இறுதியில் காரில் போய் வருவது வேறு. விடுமுறையில் இரண்டு வாரம் அங்கே அனுப்பிப் பாருங்கள், அந்தப் பயிற்சியாளர் அவளுடைய வலியைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கடன் வாங்கி வீடு மாற்றினால் அந்தச் சுமை முழுதும் 13 வயதுக் குழந்தையின் தோளில் ஏறும், ஒவ்வொரு விழுதலும் அவளுக்குக் குற்றமாகத் தெரியும்.

படிப்பை விடுவதா, பனியை விடுவதா என்று ஏன் இப்போதே சண்டை? நெதர்லாந்தில் டாப்ஸ்போர்ட் டேலண்ட் பள்ளிகள் இருக்கின்றன, விளையாட்டில் திறமைத் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு வகுப்பு நேரத்திலும் தேர்விலும் இடம் கொடுப்பார்கள். மகளுக்கு அந்தத் தகுதி கிடைக்குமா என்று ஸ்கேட்டிங் சம்மேளனமான கே.என்.எஸ்.பி.-யிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் பள்ளியில் நேராகப் பேசலாம். போட்டி முடிந்த பிறகும் பயிற்சியாளர், நடன அமைப்பாளர், நடுவர், பனி நடன நிகழ்ச்சி என்று வேலைகள் உண்டு. டைக்ஸ்ட்ராவும் தங்கத்துக்குப் பிறகு பல வருடம் ஹாலிடே ஆன் ஐஸ் என்ற பனி நடன நிகழ்ச்சியில்தான் ஆடினார்.

விடுவதா தொடர்வதா என்று அவளை இந்த வருடம் கேட்காதீர்கள், அழுகிற நேரத்தில் வருகிற பதில் அவளுடையது அல்ல. மாதம் ஒரு முறை கதவு நிலையில் அவள் உயரத்தைக் கோடு போடுங்கள். மூன்று மாதக் கோடுகள் நெருங்கி நின்றால் வளர்ச்சி தணிகிறது என்று அர்த்தம், அப்போது டபுள் ஆக்ஸலை மெதுவாகத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள், எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.