அல்லல் நீத்த உவகை

அன்புள்ள ஐயா,

பதினைந்து ஆண்டுகளாக உங்களை வாசித்து வருகிறேன். நீங்கள் சொன்ன நாவல்களில் பெரும்பாலானவற்றைத் தேடிப்பிடித்துப் படித்திருக்கிறேன். ஓராண்டாக அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். பகலில் வேலை, இரவில் அவர் அருகில். இடையில் கிடைக்கும் அரைமணி, ஒருமணி நேரத்தில் ஏதாவது தொடரைத் திறந்தால் முதல் காட்சியிலேயே பிணம் கிடக்கிறது. அலமாரியில் உள்ள நல்ல நாவல்களோ இப்போது தாங்க முடியாத பாரமாக இருக்கின்றன. மகிழ்ச்சியாகப் பார்க்கவும் படிக்கவும் சில தொடர்கள், படங்கள், நாவல்களைச் சொல்வீர்களா? இத்தனை நாள் வாசித்தவள் இப்படிக் கேட்கலாமா என்ற கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

கூச்சத்தை முதலில் விடுங்கள். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, எட்டாக வகுக்கும்போது நகை என்னும் சிரிப்பில் தொடங்கி உவகை என்னும் மகிழ்ச்சியில் முடிக்கிறது. அழுகையும் அச்சமும் பெருமிதமும் இவற்றுக்கு நடுவே வருகின்றன. மகிழ்ச்சி தரும் படைப்பு ஒரு படி கீழே என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை. அது நம்மிடம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த நூலில் இன்னொரு நுட்பமும் உண்டு. நகை பிறக்கும் இடங்களில் எள்ளலையும் ஒன்றாக அது சொல்கிறது. உவகையைப் பற்றிப் பேசும்போது ‘அல்லல் நீத்த உவகை’ என்று ஓர் அடைமொழி சேர்க்கிறது. யாருடைய அல்லலையும் தின்று வளராத மகிழ்ச்சி என்று அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒருவரின் நிறத்தையோ பருமனையோ காட்டிச் சிரிக்கவைக்கும் காட்சிகள் ஏராளம். அந்தச் சிரிப்பு அடங்கியதும் வாயில் ஒரு கசப்பு மிஞ்சும். நாளெல்லாம் ஒரு நோயாளியின் உடலைத் தூக்கியும் துடைத்தும் திரும்பும் உங்களுக்கு அது உதவாது. ஆகவே அந்த அடைமொழியை அளவுகோலாக வைத்தே சொல்கிறேன். எல்லாம் நான் திரும்பத் திரும்பச் சென்றவை.

முதலில் பார்க்க வேண்டியது ஹயாவோ மியாசாகியின் ஜப்பானிய அனிமேஷன் படமான ‘மை நெய்பர் டோட்டோரோ’ (1988). ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. இதிலும் ஒரு தாய் மருத்துவமனையில் இருக்கிறார். சாட்சுகி, மே என்ற இரண்டு சிறுமிகளும் தந்தையும் அந்த மருத்துவமனைக்கு அருகில் ஒரு பழைய கிராமத்து வீட்டில் குடியேறுகிறார்கள். மியாசாகியின் தாயும் அவருடைய சிறுவயதில் பல ஆண்டுகள் காசநோயால் படுத்திருந்தவர். நோயாளி இருக்கும் வீட்டில் குழந்தைகள் எப்படி ஓடுவார்கள், எப்போது சட்டென்று அமைதியாவார்கள் என்பதை அவ்வளவு சரியாக அவர் வரைந்திருப்பதற்கு அதுவும் காரணம் என்று நம்புகிறேன்.

இந்தப் படத்தில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை. இரவில் காற்று வீட்டையே உலுக்கும்போது, தொட்டியில் குளித்துக்கொண்டிருக்கும் தந்தை, பயம் போவதற்காக உரக்கச் சிரிக்கிறார், பிள்ளைகளையும் சிரிக்கச் சொல்கிறார். காட்டில் ஒரு பெரிய விலங்கைப் பார்த்தேன் என்று சின்னவள் சொன்னால் அவர் மறுப்பதில்லை. வனத்தின் காவலரைப் பார்த்திருக்கிறாய் என்று சொல்லி, பெரிய மரத்தின் முன் நின்று மூவருமாக வணங்குகிறார்கள். பிறகு அந்தப் பஸ் நிறுத்தக் காட்சி. மழை, முதுகில் உறங்கும் தங்கை, பக்கத்தில் தலைமேல் ஓர் இலையோடு வந்து நிற்கும் அந்தப் பெரிய விலங்கு டோட்டோரோ. சாட்சுகி ஒரு குடையை நீட்டுகிறாள். மரத்திலிருந்து சொட்டும் நீர் குடைமேல் விழும் ஓசை அந்தப் பெரிய உருவத்துக்கு அவ்வளவு பிடித்துப்போகிறது. கதை எங்கும் நகரவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். கடைசிப் பகுதியில் மருத்துவமனைச் செய்தி ஒன்றால் கொஞ்சம் பதற்றம் வரும். நிறுத்திவிடாதீர்கள், படம் உங்களைக் கைவிடாது. இன்னொன்று, இதே 1988இல் இதே நிறுவனம் இதனுடன் சேர்த்தே ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ என்ற படத்தையும் வெளியிட்டது. போரில் அநாதையாகும் அண்ணன் தங்கையின் கதை. மிகப் பெரிய படம்தான். ஆனால் இந்த ஆண்டு அதன் பக்கம் போகாதீர்கள்.

நாவல் என்றால் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’. தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. தனிமையையும் அமைதியையும் தேடி எழுத்தாளர் தன் வீட்டுக்கு வருகிறார். அங்கே தாய், தம்பிகள், அவர்களின் மனைவிமார், தங்கைகள், குழந்தைகள், கோழிகள், பூனைகள். போதாக்குறைக்குத் தங்கை பாத்துமாவின் ஆடு காலையில் வந்து வீட்டுக்கு உரிமையாளரைப்போல் உலவுகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் தின்கிறது. ஆசிரியரின் இரண்டு புத்தகங்களையும் தின்றுவிட்டு அவருடைய கம்பளியில் வாய் வைக்கிறது. புத்தகத்துக்கு வேறு பிரதிகள் உண்டு, கம்பளிக்கு இல்லை என்று அவர் ஆட்டிடம் முறையிடுகிறார்.

அந்த வீட்டில் பணம் கிடையாது. தாய் உட்பட ஒவ்வொருவரும் ரகசியமாக வந்து அவரிடம் பணம் கேட்கிறார்கள். பாத்துமாவின் ஆட்டுப்பாலை அவளுக்கே தெரியாமல் கறந்துகொள்கிறார்கள். இதே சம்பவங்களை வைத்து வறுமையைப் பற்றிக் கடுமையான நாவல் ஒன்றை யாரும் எழுதிவிடலாம். பஷீர் ஒருவரைக்கூடச் சிறுமைப்படுத்துவதில்லை. பாலைத் திருடுபவர்கள்மீதும் நமக்குப் பாசம்தான் வருகிறது. மனநலச் சிகிச்சைக்காக ஒரு வைத்தியரிடம் தங்கியிருந்த நாட்களில், 1954இல், இதை எழுதினார். தன் மனமே நிலைகொள்ளாதிருந்த வேளையில் இப்படியொரு புத்தகத்தை எழுதியிருக்கிறார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கண் நிறையும்.

தொடர்களில், பிணம் இருந்தும் பயமுறுத்தாத ஒன்று ‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடர். 1971 முதல் 1978 வரை வந்தவற்றைப் பாருங்கள். முதல் அத்தியாயத்தை இயக்கியவர் இளைஞராக இருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கொலையாளி யார் என்பதை ஏறக்குறைய எப்போதும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். பிறகு துப்பறியும் அதிகாரி கொலம்போவாக, கசங்கிய மழைக்கோட்டோடு பீட்டர் ஃபால்க் வந்து நிற்கிறார். கொலையாளிகள் பெரும்பாலும் செல்வந்தர்கள், மெத்தப் படித்தவர்கள். அவர்களுடைய ஓவியங்களையும் இசையையும் அவர் மனதார வியக்கிறார், மனைவியைப் பற்றிப் பேசுகிறார், விடைபெற்று வாசல்வரை போய், ‘இன்னும் ஒரே ஒரு விஷயம்’ என்று திரும்புகிறார். குற்றவாளியைக்கூட அவர் அவமதிப்பதில்லை. அந்த மரியாதைக்காகவே இந்தத் தொடரை விரும்புகிறேன். ஒரு பகுதி ஒருமணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பதால் இரண்டு இரவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முடிவு முன்பே தெரிந்த கதைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

அரைமணி நேரம்தான் இருக்கிறது என்றால் மெக்கன்சி குரூக் எழுதி, இயக்கி, நடித்த பிரிட்டிஷ் தொடர் ‘டிடெக்டரிஸ்ட்ஸ்’. உலோகம் காட்டும் கருவியோடு வயல்வெளிகளில் புதையல் தேடும் இரண்டு நண்பர்கள். கிடைப்பது பெரும்பாலும் பொத்தானும் டின் மூடியும். மூன்று பருவங்கள்தான், மெதுவாகப் பாருங்கள். சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ தொடரை நீங்கள் சிறுவயதில் பார்த்திருக்கக்கூடும். எல். வைத்தியநாதனின் அந்த முகப்பிசை கேட்டாலே பாதிக் களைப்பு போய்விடும்.

தமிழ்ப் படம் ஒன்று சொல்லாமல் முடியாது. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த முறை நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்கள். கதை கேட்கும் அந்த முகத்தில் ஆர்வம் எப்போது அச்சமாகிறது, அச்சம் எப்போது கோபமாகிறது என்பதைப் பாருங்கள். அந்தக் காட்சியில் பாதிக்கு மேல் அவருடையது. இவ்வளவு சிரிக்கவைத்தும் அங்கே ஒருவர்கூட அவமானப்படுவதில்லை.

பஸ்டர் கீட்டனின் ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) முக்கால் மணி நேர மௌனப் படம். நோயாளி உறங்கும் அறையில் ஒலியை அணைத்துவிட்டே பார்க்கலாம். திரையரங்கில் படம் ஓட்டும் இளைஞன் உறங்கிப்போய், கனவில் திரைக்குள் நடந்து போகிறான். ரயில்மேல் ஓடிவந்து தண்ணீர்க் குழாயில் தொங்கும் காட்சியில் கீட்டனின் கழுத்தெலும்பு முறிந்ததும், பல ஆண்டுகள் கழித்தே அது தெரியவந்ததும் உண்மை. அதை அறிந்த பிறகு அந்த ஓர் இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இவ்வளவையும் ஒரே மூச்சில் தேட வேண்டாம். இன்றிரவு டோட்டோரோ போதும். பஷீரை நீங்கள் தனியாகப் படிப்பதைவிட, அம்மா விழித்திருக்கும் நேரம் பார்த்து அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கம்பளிக்கு ஆபத்து வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அவர் முகத்தைப் பாருங்கள்.